புரி முறுக்கிய கவிஞன்

1901-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் டப்ளின் நகரத்துக் கெயிட்டி தியேட்டரில் ஐரிஷ் மொழி நாடகம் ஒன்று நடந்தது. எழுதியவர் டக்ளஸ் ஹைட். பிற்பாடு 1938-ல் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியானாரே, அவரேதான்! கதாநாயகன் வேஷத்தையும் அவரே போட்டுக் கொண்டார்.

கதை வேடிக்கையானது. ஊர் சுற்றும் கவிஞன் ஒருவன் ஒரு குடியானவன் வீட்டுக்குள் நுழைகிறான். வேறொருவனுக்கு நிச்சயமான பெண்ணிடம் தேனொழுகப் பேசுகிறான். விரட்டினால் சபித்து விடுவானோ என்று வீட்டாருக்குப் பயம். ஆகவே ஒரு யுக்தி செய்கிறார்கள். "வெளியே வண்டி குடை சாய்ந்து கிடக்கிறது. கட்டுவதற்குப் புரி வேண்டும். இங்கே யாருக்கும் முறுக்கத் தெரியாதே!" என்கிறார்கள். கவிஞனுக்குத் தற்பெருமை பொத்துக்கொண்டு வந்தது. ஒருவர் காய்ந்த புல்லை எடுத்துக் கொடுக்க, மற்றவர் முறுக்கிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். அதுதான் முறை. கவிஞன் பின்னால் நடந்தான், வாசற்படியைத் தாண்டினான், கதவு சாத்தப்பட்டது!

'சூகான்' என்னும் அந்தப் புரியினால் அவர்கள் கூரையைக் கட்டினார்கள். நாற்காலிக்கு இருக்கை பின்னினார்கள். கலியாண வீடுகளில் வாலிபர்கள் முகத்தை மறைக்கும் வைக்கோல் கூம்புகளைக் கவிழ்த்துக்கொண்டு வந்து ஆடினார்கள்.

பிறகு கூரைகள் மாறின. நைலான் கயிறு வந்தது. அறுவடை இயந்திரம் வைக்கோலை நசுக்கியது. புது ரகத் தானியங்களோ தாளே குட்டை. இன்று முடைய விரும்புகிறவர் நெட்டைத் தாள் ரகத்தைத் தேடி விதைத்துக் கையால் அறுக்க வேண்டியிருக்கிறது.

மேயோ ஜில்லாவில் 2001-ல் திறந்த நாட்டுப்புற வாழ்க்கை மியூசியத்தில் இப்பொருள்களைப் பார்க்கலாம். ஆனால் வைக்கோல் கல்லல்லவே, காலத்தை எதிர்த்து நிற்க! கை மறந்தால் அந்த வித்தையும் போச்சு.

மறக்காத கைகளும் உண்டு. ஜனவரி 31-ஆம் தேதி மாலை, புனித பிரிஜிட் திருநாளுக்கு முன்னதாக, ஈர நிலத்தில் வளரும் கோரை போன்ற தண்டுகளை அறுக்காமல் பிடுங்கி வருவார்கள். ஒரு தண்டின்மேல் இன்னொன்றை மடித்துப் போட்டு, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி மடித்து, நான்கு கைகள் கொண்ட சிலுவையை முடைவார்கள். வாசலுக்கு மேலே அது தொங்கினால் வீட்டை நெருப்பு அண்டாது என்பது நம்பிக்கை. பள்ளிக்கூடத்துக் குழந்தைகளும் இதை முடைகிறார்கள். 2023 முதல் இத்திருநாளுக்காக அரசாங்க விடுமுறையும் விடுகிறார்கள்.

சிலுவை காய்ந்து நிறம் மங்கும். அதனால் என்ன? அடுத்த வருஷம் புதிதாக முடைவார்கள். புரி முறுக்க இருவர் வேண்டும் அல்லவா? எடுத்துக் கொடுக்கப் பாட்டியும் வாங்கி முறுக்கப் பேத்தியும் இருக்கிற வரையில் புரி நீண்டுகொண்டே போகும்.