காத்தா பார்த்த பிறகே கதவு

1983-ல் பெங்களூரு அல்சூரில் வீட்டுத் தரகுத் தொழிலுக்கு வந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்காரும் பெரியவர் ஒருவர்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆறு மாதம் வீடு காட்டவே விடவில்லை. வில்லங்கச் சான்றுக்கு வரிசையில் நிற்க வைத்தார், கன்னடப் பத்திரங்களை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார். "காத்தா யார் பேர்ல இருக்குன்னு பாருப்பா, அப்புறம் கதவைத் தொற" என்பார். காத்தா என்றால் நகராட்சியின் சொத்துக் கணக்குப் பதிவு.

மனைகளை வகை பிரிக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். 1898 பிளேக்கையொட்டி உருவான மல்லேஸ்வரம், பசவனகுடி மனை வேறு. 1976-ல் பிறந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) ஒதுக்கிய மனை வேறு; விவசாய நிலத்தை உரிய அனுமதியில்லாமல் துண்டு போட்ட ரெவின்யூ சைட் வேறு. எத்தனை குடும்பங்களின் சேமிப்பு இந்தக் கடைசி வகையில் மாட்டிக்கொண்டது!

புதிய திட்டங்களை விற்கும் தரகரும் பதிவு செய்ய வேண்டுமென்று 2016-ன் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் சொன்னது. மனசார வரவேற்றேன். இன்று என்னிடம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். பத்திரம் சரிபார்த்தவருக்கும் கமிஷனில் பங்கு உண்டு. அவர்களுக்கும் முதல் ஆறு மாதம் காகிதம்தான்.