உமி எரிதல்
தஞ்சாவூர் வட்டார அரிசி ஆலைகளில் நெல் புழுக்க நீராவி தரும் கொதிகலன்களுக்கு உமியே வழக்கமான எரிபொருள். நெல்லின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு உமி. சூடேறும்போது அதிலுள்ள செல்லுலோசும் லிக்னினும் சிதைந்து எரிவாயுக்களாகப் பிரியும். அவை ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதே தீக்கொழுந்து. கார்பன் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறும். காற்று குறைந்தால் புகையோடு நச்சான கார்பன் மோனாக்சைடும் மிகும்.

உமியை விறகிலிருந்து பிரித்துக் காட்டுவது சாம்பல்தான். எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எரியாமல் நிற்கும். அதில் பெரும்பகுதி நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா. அது ஏற்கெனவே ஆக்சைடு என்பதால் மேலும் எரிய அதில் ஒன்றுமில்லை. அதனுள் சிக்கிய கரியே சாம்பலைக் கறுப்பாக்குகிறது. முழுக்க எரிந்தால் வெளுக்கும். முந்தைய தலைமுறை பல் துலக்கிய உமிக்கரி, அரைகுறையாக எரிந்த இதே உமிதான்.