எடை குறைப்புச் சத்திரசிகிச்சை: ஊர் திரும்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்துத் தங்கி, கொழும்பில் வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வடக்கு கிழக்கு மக்களுக்குப் புதிதல்ல. போர்க் காலத்தில் எறிகணைக் காயத்துக்கும் கண்ணுக்கும் இதயத்துக்கும் வந்தோம். இப்போது உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சை பற்றியும் விசாரிக்கிறோம். அண்மைக் காலத்தில் எனக்குத் தெரிந்த சிலர் இதுபற்றி என்னிடம் கேட்டார்கள். எல்லோரும் கேட்டது செலவைப் பற்றி. "ஊருக்குப் போன பிறகு ஏதாவது நடந்தால் என்ன செய்வது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது.

என்ன செய்கிறார்கள்?

வயிற்றில் பெரும்பாலும் ஐந்து சிறு துளைகள் இட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றறையை விரித்து, கமரா வழியாகப் பார்த்துச் செய்யும் சிகிச்சை இது. உலகில் இன்று அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி அகற்றி, மிகுதியை ஒரு குழாய் போல ஸ்டேப்ளரால் தைத்துவிடுவார்கள். மற்றையது 'பைபாஸ்'. இதில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கிச் சிறுகுடலுடன் நேரடியாக இணைப்பார்கள்.

தேர்ச்சி பெற்ற நிலையங்களில் முதல் 30 நாட்களுக்குள் இறப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவர் அளவே. கட்டுப்படாத நீரிழிவு உள்ள பலருக்கு இது பெரும் நன்மை தருகிறது. ஆனால் வெளியே தெரியும் காயம் சிறியது என்பதால் உள்ளே நடந்த சத்திரசிகிச்சையும் சிறியது என்று எண்ணக் கூடாது.

முதல் வாரங்கள்

கூடுதலாகப் பயப்பட வேண்டியது கசிவு. தைத்த கோட்டில் எங்காவது விட்டுப்போனால் இரைப்பை நீர் வயிற்றறைக்குள் கசிந்து கிருமித்தொற்றை உண்டாக்கும். நூற்றில் ஒருவர், இருவருக்கு இது நேர்கிறது. ஸ்லீவ் முறையில் பெரும்பாலும் உணவுக்குழாய் இரைப்பையைச் சந்திக்கும் மேற்பகுதியில்தான் கசியும். நோயாளி வீடு சென்ற பிறகும், சில வாரங்கள் கழித்தும் இது தொடங்கலாம்.

இதன் முதல் அடையாளம் பல நேரங்களில் நோவு அல்ல, வேகமான இதயத்துடிப்பு. ஓய்வாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 120ஐத் தாண்டி நின்றால் அது அவசர நிலை. காய்ச்சல், இடது தோள் நோவு, மூச்சு வாங்குதல், கூடிக்கொண்டு போகும் வயிற்று நோவு ஆகியவையும் சேரலாம். 'காஸ்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கும் விடயமல்ல இது. பருத்த உடலில் வயிற்றை அமுக்கிப் பார்த்து மட்டும் கசிவைக் கண்டுபிடிப்பது கடினம். சி.டி. ஸ்கான் தேவைப்படும்.

இரண்டாவது, உள்ளே குருதி கசிதல். தலைச்சுற்று, வெளிறுதல், கறுப்பு மலம், குருதி வாந்தி ஆகியவை இதன் அடையாளங்கள். மூன்றாவது, காலில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலுக்குச் செல்வது. கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களில் இரவு பஸ்ஸில் கால்களை மடக்கி இருந்து போவது இந்த ஆபத்தைக் கூட்டும். கசிவு ஏற்பட்டால் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் அவ்வளவு தூரத்தில் இருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மாதங்கள் கழித்து

வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிவு கூடலாம், இரைப்பைக் குழாய் ஒடுங்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளலாம், இணைப்பில் புண் வரலாம். மூட்டு நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற குளிசைகளும் புகைத்தலும் அந்தப் புண்ணுக்கு வழிவகுக்கும்.

பல நாட்கள் வாந்தி நிற்காவிட்டால் தயமின் எனப்படும் விற்றமின் பி1 குறைந்து மூளை பாதிக்கப்படலாம். தடுமாறும் நடை, இரட்டைப் பார்வை, குழப்பம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. இப்படிப்பட்டவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். எனவே எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் "எனக்கு எடை குறைப்புச் சத்திரசிகிச்சை நடந்தது" என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும். விற்றமின்களும் குருதிப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை.

போர்க் காயம் உள்ளவர்களுக்கு

எறிகணை அல்லது துப்பாக்கிக் காயத்துக்காக முன்னர் வயிறு திறக்கப்பட்டிருந்தால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அப்போது துளைவழிச் சிகிச்சை கடினமாகும். பாதியில் வயிற்றைத் திறக்க நேரலாம். பழைய தழும்பை மறைக்காதீர்கள். உடலில் உலோகத் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். சி.டி. ஸ்கானுக்கு அது தடையல்ல. கால் இழந்தவர்களுக்கு வழமையான உடற் திணிவுச் சுட்டிக் கணக்கு சரியாக வராது. சத்திரசிகிச்சைக்கு முன் மனநல வைத்தியரிடம் அனுப்புவது முறையான நடைமுறை. பட்ட துயரம் பலருக்கு உணவோடும் மதுவோடும் பிணைந்திருக்கிறது. அதைப் பேசுவதில் அவமானம் இல்லை.

பம்மல் தந்த பாடம்

2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இந்தச் சிகிச்சைக்காகச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சத்திரசிகிச்சையின்போது நிலைமை மோசமாகி வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் பயனில்லை. தமிழ்நாடு சுகாதாரத்துறை விசாரித்துக் குறைபாடுகளைக் கண்டு, அம்மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. செலவு குறைவு என்பதற்காக இந்தியா செல்ல நினைக்கும் நம்மவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கையொப்பமிடும் முன் கேளுங்கள்

• இங்கு தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? இரவிலும் ஸ்கான் எடுக்கலாமா?
• இந்தச் சிகிச்சையை வைத்தியர் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்?
• கசிவு வந்தால் அதன் செலவு யாருடையது?
• எத்தனை நாள் கொழும்பில் தங்க வேண்டும்? இரவில் எந்த இலக்கத்துக்கு அழைப்பது?

வைத்தியரின் பதிவை இலங்கை மருத்துவ சபையில் சரிபார்க்கலாம். தனியார் வைத்தியசாலைகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சம்மதப் படிவம் புரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். விளங்காமல் வைத்த கையொப்பம் சம்மதம் ஆகாது.

அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வெள்ளவத்தையில் தங்கியிருப்பவர்களுக்குக் களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும் அண்மையில் உள்ள பெரிய அரச வைத்தியசாலைகள். ஊர் திரும்பியவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ செல்லலாம். எங்கு போனாலும் என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, யார் செய்தார் என்று எழுதிய நோய் நிர்ணய அட்டை கையில் இருக்க வேண்டும். அதன் படம் வீட்டில் இன்னொருவரின் தொலைபேசியிலும் இருக்கட்டும்.