நன்றியும் கணக்கும்

சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்சேவை செய்து வரவேற்கத் தல்லாகுளத்தில் மக்கள் திரளும்பொழுது, சாலையோரமெங்கும் நீர்மோர்ப் பந்தல்கள் எழுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மோரில் உப்புச் சற்றுக் கூடினாலும் எவரும் குறை கூறுவதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது முன்னோர் மொழி. ஒரு குவளை மோருக்கு அப்பண்பு தக்கதே. ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தையே பொறுப்பேற்கும் அறநிறுவனத்திற்கும் அது பொருந்துமா? நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இவ்வினாவை எழுப்புவது நம் கடமை.

1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த சில நாட்களிலேயே தீண்டாமையை ஒழிக்க ஓர் அகில இந்தியச் சங்கம் தோன்றியது. பின்னர் அரிசன சேவா சங்கம் எனப் பெயர் பெற்றது அதுவே. தலைவர் கன்சியாம்தாஸ் பிர்லா. செயலாளர் தக்கர் பாபா. பள்ளிகள், விடுதிகள், கிணறுகள், உதவித்தொகை எனச் சங்கம் தொண்டாற்றியது.

தொடக்கத்தில் அதன் குழுவில் இடம்பெற்றிருந்த டாக்டர் அம்பேத்கர், அவ்வாண்டு நவம்பரில் இலண்டனுக்குக் கப்பலில் செல்லும்பொழுதே தக்கர் பாபாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதர் சிலரை உயர்த்துவது மட்டும் போதாது. பொதுக் கிணறு, பள்ளி, சாலை ஆகியவற்றில் உரிமையை நிலைநாட்ட வேண்டும். தொழிலில் சமவாய்ப்பு வேண்டும். தொண்டர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே வரவேண்டும் என்றார். கடிதம் கிடைத்ததென்ற பதில்கூட வரவில்லை. அவர் விலகினார். நிருவாகத்தில் எம் மக்களுக்கு இடமெங்கே என்று கேட்டவர்களுக்குக் காந்தியடிகள், இது சாதி இந்துக்கள் தம் கடனைத் தீர்க்கும் கழுவாய் என்ற கருத்தில் விடையளித்தார். அவ்விடையில் நேர்மை உண்டு. ஆனால், கடன் முறையாகத் தீர்க்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை கடன் கொடுத்தவனுக்கு இல்லாது போகுமா? 1945இல் வெளிவந்த தம் நூலில் அம்பேத்கர் இவை அனைத்தையும் உலகறியச் செய்தார்.

மதுரையின் வரலாறு மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. அச்சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைவரான அ. வைத்தியநாத ஐயர், 1939 சூலை 8ஆம் நாள் கக்கன் உள்ளிட்டோரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். எதிர்ப்புக்கு அஞ்சாத அத்தொண்டினை நன்றியுடன் போற்றுகிறோம். அந்நன்றி அம்பேத்கரின் வினாக்களைப் பொய்யாக்காது. அவ்வினாக்களும் அந்நன்றியைக் குறைக்கா.

நாம் தங்கிப் பயின்ற ஓர் அறவிடுதியில், அரிசி புழுத்திருக்கிறதென்று ஒரு மாணவன் விருந்தினர் முன்னிலையில் கூறிவிட்டான். அவனை முதலில் கடிந்தவர்கள் நம் ஊர்ப் பெரியோரே. உப்பிட்டவரைப் பழிக்கலாமா, வீட்டுச் சங்கதியை வீதிக்குக் கொண்டுவரலாமா என்றனர். நன்கொடை நின்றுவிடும் என்ற அவர்களது அச்சம் பொய்யன்று. எனினும், புழுத்த அரிசி மறுநாளும் உலையில் ஏறியது. நாமும் வாய் திறவாது உண்டோம். அம்மௌனத்தை இன்றும் நம்மால் மறக்க இயலவில்லை.

இளைஞர்களே! அம்பேத்கர் காட்டிய வரிசைமுறையைக் கவனியுங்கள். முதலில் உரியவருக்கே எழுதினார். குறையோடு மாற்று வழியையும் கூறினார். விடை வராதபொழுது விலகினார். பின்னரே சான்றுகளுடன் ஊரறியச் சொன்னார். ஆதாரமின்றித் தேநீர்க் கடையில் தூற்றுவது விமர்சனமன்று. அஞ்சி வாய்மூடுவது நன்றியுமன்று.

இவ்விதி நம் கழகத்திற்கும் உரியது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, ஆண்டுப் பொதுக்குழுவையும் கணக்கையும் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால், கணக்கைப் படிக்கும்பொழுது கைதட்டிக் கலைவதே நம் வழக்கமாயிற்று. வரும் பொதுக்குழுவில் எழுந்து நின்று கேளுங்கள். உதவித்தொகை யாருக்குச் சென்றது? பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? நிருவாகத்தில் இளைஞர் எங்கே? பிறரிடம் நம் முன்னோர் கேட்ட வினாக்களை நம்மிடம் நம் பிள்ளைகள் கேட்கும்பொழுது முகம் சுளிப்போமாயின், இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் அளித்த கல்வி எதற்கு?

வாழ்க கழகம்! வளர்க கேட்கும் துணிவு!