யாழ்ப்பாணத்தில் வீடு வேய்தலும் கூட்டுழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை எழுதியோர் அரசரையும் ஆளுநரையும் கோயில்களையும் பற்றி எழுதிய அளவிற்கு, ஒரு குடியானவனின் கூரை எவ்வாறு வேயப்பட்டது என்பது பற்றி எழுதினாரல்லர். ஓடு பரவுவதற்கு முன்னர் இங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவை மண்சுவரும் பனையோலை அல்லது கிடுகுக் கூரையும் உடையன. ஓலைக்கூரை சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. ஐப்பசியில் மாரி தொடங்குமுன் பழைய ஓலையைப் பிரித்துப் புதியதை ஏற்றி முகடு கட்டியாகவேண்டும். பிரித்த வீட்டில் மழை விழுந்தால் மண்சுவர் கரையும். ஆதலால் இவ்வேலை நாட்கணக்கில் நீளக்கூடாது. ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதா.

வெட்டிய ஓலையை மிதித்து, அடுக்கி, பாரமேற்றித் தட்டையாக்கிய பின்னரே அது வேய்ச்சலுக்கு உதவும். வேயும் நாளில் சிலர் கூரைமேலிருந்து ஓலையை வரிச்சோடு சேர்த்துக் கட்டுவர். சிலர் கீழிருந்து எடுத்துக் கொடுப்பர். பெண்கள் கூழ் காய்ச்சுவர். அயலவருக்குக் கூலியில்லை. இன்று வந்தவரின் வீட்டிற்கு நாளை இவர் போகவேண்டும். எழுதப்படாத கணக்குத்தான், ஆயினும் எவரும் அதனை மறப்பதில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா முதலிய மாநிலங்களில் வாழும் ஆமிஷ் மக்களிடம் இதற்கு ஒப்பான வழக்கமொன்று இன்றும் உண்டு. 1693ஆம் ஆண்டளவில் யாக்கோப் அம்மானைப் பின்பற்றிப் பிரிந்த இக்கிறித்தவக் குழுவினர் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்குக் குடியேறத் தொடங்கினர். இடியாலோ தீயாலோ ஒருவரின் களஞ்சியம் அழிந்தால் நூற்றுக்கணக்கானோர் கூடி, நிலத்திற் பொருத்திய மரச்சட்டங்களை நிமிர்த்தி, ஒரே நாளில் அதன் உருவை எழுப்பிவிடுவர். காப்புறுதி நிறுவனங்களை அவர்கள் பெரும்பாலும் நாடுவதில்லை. திருச்சபையே அவர்களுடைய காப்புறுதி. 1965இல் அரசின் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்தும் விலக்குப் பெற்றனர்.

நம்மவர் வழக்கம் ஏட்டில் ஏறாமற் போனமைக்குக் காரணம் உண்டு. ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமை, சீதனம், ஒற்றி, கடன், அடிமை என்பன பற்றி விரிவாகக் கூறுகின்றது. அயற்காணிக்காரனும் அதில் வருகிறான்; ஆனால் காணியை முதலில் வாங்கும் உரிமை தொடர்பாகவே வருகிறான், உதவிக்கு வந்தவனாக அல்ல. வழக்கு எழக்கூடிய உறவையே சட்டம் தொகுக்கும். கூழுக்கு வந்துபோன உறவிற்கு ஒல்லாந்தரின் ஏட்டில் இடமில்லை.

ஆயினும் இதனைப் பொற்காலச் சித்திரமாக வரைவது எளிது. எமது மேடைகளில் அது தாராளமாகவே வரையப்படுகிறது. பனையில் ஏறி ஓலை வெட்டியவர் யார் என்ற வினாவை அச்சித்திரம் கேட்பதில்லை. தேசவழமை அடிமைகளாகக் குறிப்பிடும் கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரின் உழைப்பு கைம்மாறு கருதிய உழைப்பன்று. 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னரும் குடிமைத் தொண்டு நெடுங்காலம் நீடித்தது. உறவினர் மூக்குப்பேணியிற் குடிக்க, ஓலை வெட்டியவர் சிரட்டையிற் குடித்த முற்றத்தை ஆமிஷ் மக்களின் பந்தியோடு ஒப்பிடுவது எங்ஙனம்? அவர் வீட்டுக் கூரையை வேய இவர் போயிருப்பாரா? 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும், தேநீர்க் கடைக்கும் கோயிலுக்குமான சம உரிமைக்காக 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது.

எனவே இரண்டு உழைப்புகளைப் பிரித்தறிதல் வேண்டும்: ஒத்தாருக்கிடையே மாறிமாறிச் சென்றது ஒன்று, கீழிருந்து மேல்நோக்கி மட்டும் சென்றது மற்றொன்று. ஒரே கூரையில் இரண்டும் கலந்திருந்தன.

முதலாவதனைத் தளரச் செய்தது கள்ளிக்கோட்டை ஓடு. மலாயாவிற்கு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் சென்றோரின் பணம் கல்வீடுகளாயிற்று. ஓட்டுக்கூரைக்கு ஆண்டுதோறும் அயலவர் தேவையில்லை. தச்சனும் மேசனும் கூலிக்குக் கிடைத்தனர். பின்னர், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியின் வளவுகளிற் கிடுகுக் கொட்டில்கள் மீண்டும் எழுந்தன. போர் முடிந்தபின் 2012இல் விரிவாக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டம், வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவைக் கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் இட்டது. மேசனைத் தேடுவதும் சீமெந்து வாங்குவதும் அவரவர் பொறுப்பாயின.