ஊரடங்கும் தோப்புக்கரணமும்

2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. மீறினால் இந்திய தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது 1000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

தெருவில் நடந்ததோ வேறு. ரிஷிகேஷில் கங்கைக்கரையில் உலவிய வெளிநாட்டினர் 10 பேரைக் காவலர்கள் மன்னிப்பு வாக்கியத்தை 500 முறை எழுதவைத்தனர்; பழைய பள்ளி இம்போசிஷனேதான். வேறு பல ஊர்களில் தோப்புக்கரணம். பள்ளிக் குழந்தைகளுக்கு உடல் தண்டனையையும் மன வதையையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்க, பெரியவர்களுக்கு அது நடுத்தெருவில் கிடைத்தது.

காணொளிகளைப் பார்த்துப் பலர் சிரித்தனர். ‘நன்றாக வேண்டும்’ என்றனர். மாட்டியவர் மருந்து வாங்க வந்தவரா, ஊர்சுற்றியா என்பது காணொளியில் தெரியாது.

கேரளத்தின் கண்ணூரில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே முன்னின்று சிலரைத் தோப்புக்கரணம் போடவைத்தார். மாநில அரசு விளக்கம் கேட்டது.