ஹாஸ்யம் என்னும் ஜீவனம்

கோயமுத்தூர் என்றால் பஞ்சாலையும் பம்புசெட்டும் என்றே எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, சிங்காநல்லூரில் 1930-களின் நடுவில் எழுந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில் விகடமும் ஓர் உற்பத்திச் சரக்காக இருந்தது என்பது சற்றே வியப்பளிக்கும். நாடகக் கம்பெனியில் பயின்று வந்த என். எஸ். கிருஷ்ணன், மூலக்கதைக்கு ஒட்டியும் ஒட்டாமலும் ஹாஸ்யக் காட்சிகளைத் தாமே புனைந்து, தம் மனைவி டி. ஏ. மதுரத்தோடு நடித்துக் கொடுத்த காலம் அது. அங்கே உருவான ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

எழுத்தும் நடிப்பும் ஒருவரிடமே இருந்த அந்நிலை பின்னர் மாறிற்று. உடுமலைப்பேட்டைப் பக்கத்துச் சுப்பிரமணியம், நாடக மேடைகளில் நெடுங்காலம் உழன்று, கவுண்டமணியாக ‘16 வயதினிலே’ (1977) படத்தில் பிரசித்தி பெற்றபோது, ‘ஏனுங்க’, ‘வாங்க’ என்னும் மரியாதைக்குப் பேர்போன கொங்குத் தமிழுக்குள் இப்படியொரு சாட்டையும் ஒளிந்திருந்ததா என்று ஊரே அதிசயித்தது. (அந்த ஏசலில் சில இன்று எனக்கு உவப்பாயில்லை.) 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில், கவுண்டமணிக்காக இரண்டு பழம் வாங்கப் போன சக நடிகர் செந்தில் ஒன்றை மட்டும் நீட்டி, இன்னொன்றும் இதுதான் என்று அழுத்தமாய்ச் சாதிக்கும் வாழைப்பழக் காட்சியை அறியாதவர் இல்லை, அதை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரையோ, சிங்காநல்லூர் டீக்கடையில் பத்துப் பேரைக் கேட்டாலும் ஒருவர் சொல்வது அரிது.